மகள் சண்டை பிடிக்கும் பக்கம்

காலையில் மகள் என்னிடம் கத்திவிட்டு அறைக் கதவை அடித்துச் சாத்திய சத்தம், துபாயில் சத்வா போகும் பஸ்ஸிலும் காதில் இருந்தது. முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்துப் பெண்கள். மூத்தவளின் மடியில் ஒரு சீனப் பெண் எழுதிய நாவல், தமிழில்.

"இதை எத்தினை தரம்தான் வாசிப்பியள் அக்கா? முடிவு மாறவா போகுது?"

"முடிவுக்கு ஆர் வாசிக்கிறது? மகள் தாயோட சண்டை பிடிக்கிற இடம் ஒண்டு இருக்கு. அதுக்குத்தான்."

"சண்டை பாக்கவெண்டா நான் வேலை செய்யிற மேடம் வீட்டுக்கு வாங்கோ."

"என்ர பிள்ளையைக் கைக்குழந்தையா விட்டிட்டு வந்தனான். இப்ப போன் எடுத்தா, 'நல்லா இருக்கிறன் அம்மா, சாப்பிட்டீங்களோ' எண்டு விருந்தாளியோட கதைக்கிற மாதிரிக் கதைக்கிறாள். ஒருநாளும் என்னோட கோவிச்சதில்லை."

இளையவள் புத்தகத்தின் பக்கம் சாய்ந்து, "அந்த இடத்தைக் காட்டுங்கோ" என்றாள்.

அக்கா தேடவில்லை. புத்தகம் தானாகவே அங்கே விரிந்தது.