சண்டை போடாத சொந்தக்காரர்கள்

கல்யாணச் சாப்பாடு நன்றாகவே இருந்தது. அதில் யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் என் மைத்துனியின் கல்யாணத்துக்கு அவளுடைய பெரியப்பாவுக்கே அழைப்பு போகவில்லை என்று தெரிந்ததும், வீட்டில் எல்லோரும் பழியைக் கம்ப்யூட்டர் தலையில் போட்டார்கள். நான் புரோகிராம் எழுதிப் பிழைப்பவன். ஒரு பாவமும் அறியாத கருவி ஏச்சு வாங்குவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. அதனால் சொல்கிறேன்.

போனில் அழைப்பு அனுப்பும் பொறுப்பை மாமனார் என்னிடம் கொடுத்தார். மாமியார் சொல்லச் சொல்லக் கம்ப்யூட்டரில் ஆளுக்கு ஒரு பதிவு போட்டேன். பெயர், உறவு, போன் நம்பர் என்று ஒவ்வொரு தலைப்புக்கு நேராகவும் ஒரு விவரம்.

"சண்டைன்னும் ஒரு தலைப்பு போட்டுக்கோங்க மாப்பிள்ளை" என்றார் மாமியார்.

பேச்சுவார்த்தை இல்லாதவர்களுக்கு 'உண்டு'. சண்டை போட்டு ராசியானவர்களுக்கு 'இல்லை'. ஆயுசில் யாரோடும் மல்லுக்கு நிற்காத சாதுக்களைப் பற்றி மாமியார் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவர்கள் பதிவில் அந்தத் தலைப்பே கிடையாது.

பிறகு, சண்டை 'இல்லை' என்று இருப்பவர்களை மட்டும் எடு என்று வடிகட்டினேன். கம்ப்யூட்டருக்கு 'இல்லை' என்று எழுதியிருப்பது வேறு, ஒன்றுமே எழுதாமல் இருப்பது வேறு. சாதுக்கள் மொத்தமும் கழன்றுபோனார்கள். கல்யாணத்துக்கு வந்ததெல்லாம் ஒருமுறையாவது அடித்துக்கொண்டு ராசியானவர்கள்தான். சாப்பிட உட்காருவதற்குள் பழைய வம்பையெல்லாம் தூசி தட்டி எடுத்துவிட்டார்கள்.

இதுவரை சொன்னது கைத்தவறு. மற்றதையும் சொல்லிவிடுகிறேன்.

அனுப்புவதற்கு முன் விடுபட்டவர்களைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். தொழில் தெரிந்த எவனும் அதைச் செய்வான். திருத்த ஒரு வரி போதும். விடுபட்டவர்களில் முதல் ஆளாகப் பெரியப்பா நின்றார். தங்கமான மனிதர். மைத்துனியைத் தோளில் தூக்கி வளர்த்தவர். என்னை எங்கே கண்டாலும் ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய், "மாப்ள, நீங்க கம்ப்யூட்டர்லதானே இருக்கீங்க, இந்த போன் ஏன் சூடாகுதுன்னு பாருங்க" என்பார். என் கல்யாண மேடையிலேயே போனை நீட்டியவர்.

ஒரே ஒரு விசேஷத்திலாவது நிம்மதியாகச் சாப்பிட ஆசைப்பட்டேன். அவரை மட்டும் விட்டால் வன்மம் என்பார்கள். கும்பலோடு விட்டால் கோளாறு என்பார்கள். அந்த ஒரு வரியை எழுதாமலே அனுப்பினேன். கூப்பிடாத இடத்துக்குப் போகக் கூச்சப்பட்டு அவர் வீட்டிலேயே இருந்துவிட்டார்.

மேடையில் மைத்துனியின் கண் வாசலிலேயே இருந்தது.

"பெரியப்பா இன்னும் வரலையே அத்தான்" என்றாள். குரல் உடைந்திருந்தது.

"வழியில டிராபிக்கா இருக்கும்மா, வந்துடுவாரு" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டையும் கொடுத்தேன். அத்தனை கூட்டத்தில் அவளுக்கு ஆறுதல் சொன்னவன் நான் ஒருவன்தான். அதை இப்போது யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை.