ஏழு நாளுல ஒரு மணி நேரம்

அந்தக் கன்னுக்குட்டி முட்டாதுங்க அம்மிணி, நீங்க இக்கட்டால வந்து உக்காருங்க. காளக்கன்னு. போன வாரமே வித்துருக்கோணும், விக்கலீங்க. அத விடுங்க, ஊட்டுல ஆரு ஆரு வேலைக்குப் போறாங்கன்னு கவருமெண்டுக்கு நீங்க எழுதறத எழுதுங்க. தொரத்தலீங்க அம்மிணி. அஞ்சே முக்கா பஸ்ஸு வர்றதுக்குள்ள முடிச்சுட்டா நல்லதுன்னு பாத்தேன்.

பேரா? மருதாத்தாதானுங்க. மூணு மாசத்துக்கு முன்னால நீங்களேதான எழுதுனீங்க. வயசு அம்பத்தாறு. ஊட்டுல நானும் என்ற பையன் சதீசும் ரெண்டே பேரு. அவங்கப்பன் போயி ஒம்பது வருசமாச்சு, அதுலயும் ஒண்ணும் மாத்தமில்லீங்க.

எனக்கு என்ன வேலைங்களா? போன வாரம் தொழிலுறப்புல, அதானுங்க நூறு நாள் வேலைல, மூணு நாளு கூப்புட்டாங்க, பஞ்சாயத்து வாய்க்கா வெட்டுனோம். மத்த நாளுக்கு எருமைதான். புல்லு அறுக்கறது, பால் கறந்து சொசைட்டில ஊத்தறது. அது வேலைல சேருமுன்னு போன தடவ சொன்னீங்க. சோறாக்கறது, துணி தொவைக்கறது சேராதுன்னீங்க. எருமைக்குத் தீனி வெச்சா வேலை, பெத்த புள்ளைக்குச் சோறு வெச்சா சும்மா இருக்கறது. சிரிக்காதீங்க. நீங்களா போட்ட சட்டம்? டெல்லில எவனோ போட்டது. அவனுக்குச் சோறாக்கிப் போடறவ என்ன சொன்னாளோ.

உங்க மேல குத்தமில்லீங்க. அன்னிக்கும் அதத்தான் சொன்னேன். நெனப்பிருக்குதுங்களா? இதே எடத்துல பொண்ணு ஊட்டுக்காரங்க ஏழு பேரு உக்காந்திருந்தாங்க. கொழிஞ்சாம்பாறைல இருந்து வந்தவங்க. சதீசுக்கு முப்பத்தொரு வயசு வரைக்கும் அமையாம, அமையாம, அப்பத்தான் ஒண்ணு கூடி வந்துது. நீங்க வாசல்ல நின்னுட்டு, ஒறம்பரை இருக்காங்களே, இன்னொரு நாளைக்கு வர்றேன்னீங்க. நாந்தான் உடல. கவருமெண்டு ஆளு கழுத்துல கார்டு மாட்டிட்டு ஊடு தேடி வந்தா, பொண்ணு ஊட்டுக்காரங்க கண்ணுக்கு ஒரு மதிப்பா இருக்கும்னு நெனச்சுச் சேரை இழுத்துப் போட்டேன். என்ற கையால இழுத்துப் போட்டனுங்க.

பையன் கோயமுத்தூர் மில்லுல சூப்பர்வைசர்னு அவுங்களுக்கும் உங்களுக்கும் சேத்துச் சொன்னேன். மில்லுல ஆளக் கொறச்சு அப்பவே ரெண்டு மாசம் ஆயிருந்துது. அது எனக்கும் அவனுக்குந்தான் தெரியும். நீங்க நான் சொன்னத எழுதிட்டுப் போயிருக்கலாம். அவன் பக்கத்துலயே நிக்கறானேன்னு அவனைப் பாத்துக் கேட்டீங்க. போன ஏழு நாளுல ஒரு மணி நேரமாச்சும் வேலை செஞ்சீங்களான்னு.

இல்லீங்கன்னுட்டான்.

ஏன் சொன்னான்னு உங்களுக்குத் தெரியாதில்ல. எம்ப்ளாய்மெண்ட் எக்ஸ்சேஞ்சுல அவன் பேரு பதிஞ்சு பதிமூணு வருசம். மூணு வருசத்துக்கு ஒருக்கா, காச்சல்ல கெடந்தாலும் எந்திரிச்சுப் போயிப் புதுப்பிச்சுட்டு வருவான். வேலைல இருக்கான்னு உங்க கணக்குல ஏறிட்டா அங்க சீனியாரிட்டி போயிருமுன்னு பயந்துட்டான். இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லைன்னு நீங்க அப்பறம் வெளக்கமாச் சொன்னீங்க. சொல்லறதுக்குள்ள அவுங்க காப்பி டம்ளரைக் கீழ வெச்சுட்டாங்க. போன் பண்ணறோம்னு போனவங்கதான்.

மோரு குடிங்க. உப்பு பத்துதுங்களா?

அதுக்கப்பறம் பத்து நாளு அவன் எங்கிட்டப் பேசல, நானும் பேசல. பதினோராம் நாளு வெடியால குளிச்சுட்டு, தேச்ச சட்டையப் போட்டுட்டு வந்து நின்னான். கோயமுத்தூர்ல ஒரு கம்பெனில வேலை கெடைச்சிருச்சு, சோறு கட்டிக் குடும்மான்னான். அன்னீல இருந்து தெனம் தூக்குப்போசில கட்டிக் குடுக்கறேன். ஏழரை பஸ்ஸுக்குப் போனான்னா பொழுதோட அஞ்சே முக்காலுக்கு வந்து எறங்கறான். கேட்டா, வேலை செட்டாயிருச்சுங்கறான். கொளம்பு நல்லாருந்துச்சுங்கறான்.

அதையே எழுதிக்குங்க. வேலைல இருக்கான். அவன் இல்லாட்டி நானே சொல்லலாந்தான? அப்பறம் என்ன.

கம்பெனி பேரு எழுதியே ஆகோணுங்களா?

இருங்க. சொல்றேன். போன சந்தை நாளு இந்தக் கன்னுக்குட்டிய ஓட்டிட்டு வேலந்தாவளம் போனனுங்க. சந்தைக்குள்ள நொழையறதுக்கு முன்னால, மாடு ஏத்தற லாரிக்கு அக்கட்ட ஒரு சட்டை தெரிஞ்சுது. நாந்தான தெனம் தேக்கறேன், எனக்குத் தெரியாதா. ரெண்டு யாவாரிக துண்டுக்குள்ள கைய உட்டு வெரலப் புடிச்சு வெல பேசீட்டு நிக்கறாங்க, அவன் பக்கத்துல கெழட்டு மாடு ரெண்டுத்தோட கயித்தப் புடிச்சுட்டு நிக்கறான். தூக்குப்போசி காலடில இருக்குது. சாணி படாம அதை ஒரு கல்லு மேல தூக்கி வெச்சிருக்கான். வெல படிஞ்சதும் யாவாரி கயித்த வாங்கிட்டு ஒரு டீ வாங்கிக் குடுத்தான். சந்தையில்லாத நாளுக்கு எங்க போயி உக்காந்திருக்கானோ.

நான் கூப்புடலீங்க. கன்னுக்குட்டி கத்தீராமப் பாத்துக்கோணுமேன்னு அது வாய்க்குள்ள கை வெரலக் குடுத்து, லாரிக்குப் பொறத்தால நின்னேன். அப்பிடியே ஓட்டிட்டு ஊட்டுக்கு வந்துட்டேன். விக்காம வந்தது அதனாலதானுங்க. ஏன் விக்கலைன்னு அவனும் கேக்கல. கம்பெனில என்ன வேலைன்னு நானும் கேக்கல. அன்னிக்குக் கொளம்பு நல்லாருந்துச்சுன்னுதான் சொன்னான்.

ஏழு நாளுல ஒரு மணி நேரம் இருந்தாப் போதுமுன்னு நீங்கதான அம்மிணி சொன்னீங்க. சந்தை நாளு ஆயி இன்னும் ஏழு நாளு ஆகல. எதுத்தாப்புல டீக்கடைல கடியாரம் இருந்துது. பத்தே காலுக்கு நான் லாரிக்குப் பொறத்தால போனேன், டீ குடிச்சப்ப பதினொண்ணு இருபது. ஒரு மணிக்கும் மேல. நானே சாட்சி. கம்பெனி பேருக்குப் பதுலா மாடு புடிக்கறதுன்னு எழுதுங்க. எழுதீட்டு அவனுக்குக் காட்டாதீங்க.

ஹாரன் கேக்குது, திருப்பத்துல பஸ்ஸு வந்துருச்சு. அவனை நிறுத்தி வெச்சு மறுக்காக் கேக்காதீங்க அம்மிணி, உங்களுக்குப் புண்ணியமாப் போகட்டும். எழுதீட்டீங்களா?

அப்பச் செரி. போகும்போது கேட்டைச் சாத்தாதீங்க. அவன் வேலை உட்டு வர்ற நேரம்.