காலை இருபது, மதியம் பூஜ்யம்

டீ வேண்டாம், ஐயா. வாசனை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நான் இன்று காலை வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். காரணத்தைக் கடைசியில் சொல்கிறேன். நீங்கள் குடியுங்கள், ஆறிவிடும்.

புகார் கொடுத்தவர் எங்கள் க்ளினிக்குக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருப்பவர். நல்ல மனிதர், அவர்மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அந்த மருந்துச் சீட்டில் இருக்கும் வரியை எழுதியது யார், என் நாத்தனாரின் கல்யாணப் பேச்சு ஏன் கெட்டது என்று இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். அதை என் போக்கில் சொல்ல விடுங்கள்.

டாக்டரிடம் பத்தொன்பது வருடமாக வரவேற்பில் உட்கார்ந்திருந்தேன். அவர் கையெழுத்தை நீங்கள் பார்த்ததில்லை. எறும்பு மையில் விழுந்து எழுந்து வீட்டுக்குப் போன மாதிரி இருக்கும். அதைப் படிக்கத் தெரிந்தவர் உலகத்திலேயே எதிர்க்கடைக்காரர் ஒருவர்தான். நோயாளிகள் சீட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்குப் போய்த் தங்களுக்குத் தோன்றியபடி மாத்திரையை விழுங்குவார்கள். யாரும் யார் சொல்லையும் கேட்காத காலம் அது.

பிறகு உத்தரவு வந்தது. கையால் எழுதிய சீட்டு இனி செல்லாது, எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி நேராக மருந்துக்கடைக்கு அனுப்ப வேண்டும் என்று. டாக்டர் விசைப்பலகையை ரொம்ப நேரம் பார்த்தார்.

"இதுல எழுத்தெல்லாம் ஏம்மா இப்படிக் கலைஞ்சு கெடக்கு? அடுக்கித் தரச் சொல்லு."

அடுக்கித் தர மாட்டார்கள் என்றேன். "அப்ப நான் சொல்றேன், நீ தட்டு" என்று சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அவ்வளவுதான் நடந்தது. அவர் சொன்னார், நான் தட்டினேன்.

திரையின் மேல்பாதியில் மருந்தின் பெயர், எத்தனை நாள், எத்தனை வேளை. 1-0-1 என்று போட்டால் காலை ஒன்று, மதியம் கிடையாது, இரவு ஒன்று. கீழ்ப்பாதியில் 'நோயாளிக்கான அறிவுரை' என்று ஒரு பெட்டி. டாக்டரின் கண்ணாடிக்கு மேல்பாதி மட்டும்தான் தெரியும். அப்படி ஒரு பெட்டி இருப்பதே அவருக்குத் தெரியாது.

முதல் தடவை நடந்தது சத்தியமாகக் கைப்பிழை. சாயங்காலம் செய்ய வேண்டிய வேலைகளை எனக்கு நானே கணினியில் குறித்துவைப்பேன். அன்று 'பின்கதவைப் பூட்டவும்' என்று தட்டியது, இடம் மாறி அந்தப் பெட்டியில் விழுந்துவிட்டது. சளிக்கு வந்திருந்த தபால்காரரின் மருந்து உறையில் அது பளிச்சென்று அச்சாகிவிட்டது. ஒரு வாரம் கழித்து அவர் சிரித்துக்கொண்டே வந்தார்.

"சளி சுத்தமா போயிடுச்சு டாக்டர். தெனமும் மறக்காம பின்கதவைப் பூட்டிடுறேன். எங்க வீட்டுல பின்கதவு இல்ல. அதனால பக்கத்து வீட்டுதைப் பூட்டிட்டு வர்றேன்."

டாக்டருக்குக் காது கொஞ்சம் மந்தம். "ரொம்ப நல்லது, விடாம பண்ணுங்க" என்றார்.

அன்று எனக்கு வேலையே ஓடவில்லை. பத்தொன்பது வருடமாக 'வரிசையில வாங்க' என்று கத்திக்கொண்டிருக்கிறேன், ஒருவர் கேட்டதில்லை. மாத்திரைப் பெயருக்குக் கீழே அதே எழுத்தில் ஒரு வரி வந்தால், மனிதர்கள் இல்லாத கதவைக்கூடப் பூட்டுகிறார்கள். இதை வீணாக்குவது பாவமா இல்லையா, நீங்களே சொல்லுங்கள்.

ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, அளவோடு. என் ரவிக்கைகளை மூன்று மாதமாக இழுத்தடித்த தையல்காரருக்கு நெஞ்செரிச்சல் வந்தது. 'சொன்ன தேதியில் துணியைக் கொடுக்கவும்' என்று சேர்த்தேன். கொடுத்தார், நெஞ்செரிச்சலும் நின்றது. எங்கள் மாடிவீட்டுக்காரருக்கு 'நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைக்கவும், 1-1-1'. என் தெரு வழியாக ஓடும் பேருந்தின் ஓட்டுநருக்கு 'பயணி ஏறி உட்காரும்வரை வண்டியை எடுக்கக் கூடாது'. வங்கி மேலாளருக்கு 'தினம் மூன்று பேரைப் பார்த்துச் சிரிக்கவும்'. ஞாயிற்றுக்கிழமை மூன்றாவது ஆள் கிடைக்கவில்லை, கண்ணாடியைப் பார்த்துச் சிரித்தால் கணக்கில் வருமா என்று அவர் தொலைபேசியில் கேட்டார். வரும் என்றேன். நான் கண்டிப்பானவள் இல்லை.

எதிர்க்கடைக்காரர் ஒவ்வொரு உறையையும் நோயாளியிடம் சத்தமாக வாசித்துக் காட்டி, "புரிஞ்சுதா?" என்று கேட்டுத்தான் கொடுப்பார். அவருக்கும் சந்தேகம் வரவில்லை. டாக்டருக்கு வயதாகிறது, மனிதர்களைப் பற்றி யோசிக்க ஆரம்பித்துவிட்டார் என்று நினைத்தாராம்.

இனி என் நாத்தனார். என் வீட்டுக்காரரின் தங்கை, நாற்பத்தொரு வயது, தட்டச்சுப் பள்ளியில் சொல்லிக்கொடுத்தவள். பள்ளியை மூடியதும் எங்களோடு வந்துவிட்டாள். தங்கமான பெண். சமையல், துவையல், பாத்திரம் எல்லாம் அவள்தான். ஆனால் பேச்சு. ஐயா, அவள் குழாயைத் திறந்தால் தண்ணீர் நிற்கும், பேச்சு நிற்காது. நான் நாள் முழுக்க டாக்டர் சொல்வதைக் கேட்டுவிட்டு, காது புண்ணாகி வீட்டுக்கு வந்தால், "அண்ணி, இன்னைக்கு என்ன ஆச்சு தெரியுமா" என்று ஆரம்பிப்பாள். ஒன்றும் ஆகியிருக்காது. அதை ஒரு மணி நேரம் சொல்வாள்.

அவளுக்கு முதலில் கழுத்துவலி வந்தது. 'தலையை ஆட்டக் கூடாது' என்று போட்டேன். அது கொஞ்சம் வைத்திய நியாயம் உள்ளதுதான். அடுத்த மாதம் தொண்டைக்கட்டு. டாக்டர் ஐந்து நாளைக்குச் சப்பும் மாத்திரை சொன்னார். நான் கீழே தட்டினேன்: 'வார்த்தை: 20-0-20. மறு உத்தரவு வரை.'

மருந்தை நானே வாங்கிக்கொண்டு போனேன். நான் க்ளினிக் ஆள் என்பதால் எனக்குக் கடைக்காரர் எதையும் வாசித்துக் காட்டுவதில்லை, அச்சான உறையைத் தானும் படிக்காமல் அப்படியே நீட்டிவிடுவார்.

அவள் உறையைப் படித்தாள், என்னைப் பார்த்தாள். "டாக்டர் சொன்னா காரணம் இருக்கும்" என்றேன். எழுதிக் காட்டலாமா என்று கையால் சைகை செய்தாள். எழுதினாலும் அது வார்த்தைதானே என்றேன். யோசித்துப் பாருங்கள், அதில் தவறில்லை.

வீட்டில் எவ்வளவு அமைதி தெரியுமா. விரல் விட்டு எண்ணி எண்ணிப் பேசினாள். "சாப்பாடு தயார்" என்றால் இரண்டு. முதலில் சிக்கனத்துக்காக 'அண்ணி' என்ற சொல்லை விட்டாள், அதில் எனக்குக் கொஞ்சம் மனத்தாங்கல்தான். இரவில் மூன்று நான்கு மிச்சம் இருந்தால், ஜன்னல் ஓரம் நின்று தெருவைப் பார்த்துச் சொல்லித் தீர்ப்பாள். ஏழு மாதம் இப்படிப் போயிற்று. என் வீட்டுக்காரர் ஒருநாள், "இவ ஏன் எளைச்சுட்டா?" என்று கேட்டார். தொண்டை என்றேன்.

எனக்குத் தெரியாத ஒன்று இருந்தது. அவள் கடைக்குச் சாமான் வாங்கப் போகும்போதெல்லாம் எதிர்க்கடைக்காரரோடு ஒரு மணி நேரம் பேசிவிட்டு வருவாளாம். நாற்பத்தைந்து வயதாகியும் தனியாக இருப்பவர். அந்த ஒரு மணி நேரத்துக்காகவே கடையைத் திறந்துகொண்டிருந்திருக்கிறார். திடீரென்று அவள் வாயை மூடிக்கொண்டதும் மனிதர் தவித்துப் போய்விட்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடையை மூடிவிட்டு மதியம் ஒரு மணிக்கு வீட்டுக்கே வந்தார். சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார். என் எதிரிலேயே அவளைப் பார்த்துக் கேட்டார்.

"ஏழு மாசமா நீங்க பேசல. நான் என்ன தப்புப் பண்ணேன்னு தெரியல. நீங்க பேசிட்டிருந்தா எனக்குப் பொழுது போறதே தெரியாதுங்க. உங்களுக்குச் சம்மதம்னா நாம கல்யாணம் பண்ணிக்கலாம். ஒரு வார்த்தை சொல்லுங்க, போதும்."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மதியம். மதியத்துக்குப் பூஜ்யம். தலையாட்டவும் வழியில்லை, கழுத்து. உதட்டைக் கடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள், கண் நிறைந்து வழிந்தது. 'இன்னிக்கு மட்டும் பேசலாம்' என்று நான் சொல்வேனா என்று பார்த்தாள். அது எனக்குப் புரிந்தது. ஆனால் நான் டாக்டர் இல்லையே, ஐயா. அளவை மாற்ற எனக்கு என்ன அதிகாரம் இருக்கிறது?

"பாத்தீங்கள்ல, ஒண்ணும் சொல்லல" என்றேன் அவரிடம். அது உண்மை. அவர் செருப்பை இடம் வலம் மாற்றிப் போட்டுக்கொண்டு போனார்.

அவள் போய்விட்டால் சமையலுக்கு யார் என்று நான் அந்த நேரத்தில் நினைக்கவே இல்லை. இது உங்கள் காகிதத்தில் பதிவாக வேண்டும். பாத்திரத்தைப் பற்றி மட்டும்தான் நினைத்தேன்.

ஒரு மாதம் கழித்து ஒரு காலையில் அவள் என்னிடம் ஒரு சொல் பேசவில்லை. டீ தயார் என்றுகூடச் சொல்லவில்லை. இருபதையும் அப்படியே முழுசாக எடுத்துக்கொண்டு மருந்துக்கடைக்கு நடந்துபோய், பழைய உறையை மேஜைமேல் வைத்திருக்கிறாள். அவள் சொன்னதை அவர் புகாரில் எழுதியிருக்கிறார், நீங்களும் படித்திருப்பீர்கள்.

"அன்னைக்கு மதியம். எனக்கு மதியம் பூஜ்யம். அதான் பேசல. சம்மதம்தான். அப்பவும், இப்பவும். இந்தச் சீட்டைப் பாருங்க. மாத்திரை அஞ்சு நாள்தானே? வார்த்தை மட்டும் ஏன் முடியல?"

சரியாக இருபது. நான் எண்ணிப் பார்த்தேன். அவர் உறையை வாசித்தாராம், இன்னொரு தடவை வாசித்தாராம், பிறகு அவளிடம் "புரிஞ்சுதா?" என்று கேட்பதற்குப் பதிலாக, "எனக்கு இப்பத்தான் புரியுது" என்றாராம். நேராக டாக்டரிடம் போய்விட்டார்.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "கீழ ஒரு பெட்டி இருக்கா?" என்றுதான் கேட்டார். பிறகு நாற்காலியைக் காலி பண்ணச் சொன்னார். இப்போது அங்கே என் நாத்தனார் உட்கார்ந்திருக்கிறாள். தட்டச்சு தெரிந்தவள், விரல் பறக்கிறது, வாயும் பறக்கிறது. அடுத்த மாதம் அவர்களுக்குக் கல்யாணம். எனக்குச் சந்தோஷம்தான். சமையல் நான்தான்.

இவ்வளவையும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று எனக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. வக்கீல் வாயைத் திறக்காதீர்கள் என்றார். ஆனால் போன வாரம் எனக்கு ரத்த அழுத்தம் ஏறிவிட்டது, டாக்டரிடம் போனேன். பழைய மாத்திரைதான், 1-0-0. உறை இதோ, கைப்பையில் இருக்கிறது, வாசிக்கிறேன்.

'நடந்ததை எல்லாம் விசாரணை அதிகாரியிடம் ஒன்றுவிடாமல் சொல்லவும். காலை ஒரு வேளை, வெறும் வயிற்றில். அழக் கூடாது. டாக்டர்மேல் பழி போடக் கூடாது. பிறகு தண்ணீர் குடிக்கவும்.'

இதையும் எண்ணிப் பார்த்தேன், பழக்கதோஷம். இருபது வார்த்தை. டாக்டர் எதையும் அளந்துதான் எழுதுவார். இந்த வயதில் கீழே இருக்கும் பெட்டியைக் கண்டுபிடித்து, அவர் கையாலேயே எனக்காகத் தட்டியிருக்கிறார் பாருங்கள். சொல்லச் சொல்ல எனக்கே உடம்பு லேசாகிறது.

ஒரு டம்ளர் தண்ணீர் கிடைக்குமா, ஐயா? டாக்டர் சொன்னதை மீறி எனக்குப் பழக்கமில்லை.