மூன்றாவது கட்டில்

எனக்குக் குளிர் ஒத்துக்கொள்வதில்லை. எங்கள் ஊரான வாங்கராட்டாவில் ஜூன்தான் குளிர்காலம், அது பிறந்தால் விரல் மூட்டெல்லாம் விறைத்துப்போகும். ஓய்வு பெற்றவர்கள் அந்த மாதம் காருக்குப் பின்னால் கேரவன் என்கிற சக்கர வீட்டை மாட்டிக்கொண்டு வெயில் தேடி வடக்கே கிளம்பிவிடுவார்கள். அறுபத்து மூன்று வயதுவரை நான் வாசலில் நின்று அவர்களுக்குக் கையசைத்தேன். ஒரு குளிர்காலமாவது கையசைக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. பெரிய ஆசை என்று நீங்களும் சொல்லமாட்டீர்கள்.

என் தங்கை லோரியும் அவள் கணவர் டெஸ்ஸும் கேரவன் வாங்க நினைத்தபோது யாரும் கடன் தரவில்லை. இருவருக்கும் அரசாங்க ஓய்வூதியம் மட்டும்தான், வீடும் வாடகை. எனக்குச் சொந்த வீடு இருந்தது. ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் முப்பத்தொரு வருட வேலையும் இருந்தது. ஏப்ரலில் ஒரு ஞாயிறு மதியம், என் சமையலறையில் ஆட்டுக்கறியை வெட்டிச் சாப்பிட்டுக்கொண்டே லோரி சொன்னாள்: “உன் பேர்ல கடன் எடுத்தா மூணு கட்டில் வண்டியே வாங்கலாம் நோலா. உனக்குத்தான் லீவு மலையா சேந்து கெடக்கே. போட்டுட்டு எங்களோட வந்துடு.”

“சமையல் உன்னோடது, ஸ்டீயரிங் என்னோடது, வாய் லோரியோடது” என்றார் டெஸ். மூவரும் சிரித்தோம்.

வீட்டை ஈடு வைத்துக் கையெழுத்துப் போட்டேன். கடன் அலுவலகத்துப் பையன் பேச்சுவாக்கில், “எத்தனை பேர் போறீங்க?” என்றான். “மூணு பேர்” என்றேன். சொல்லும்போதே வெட்கமாக இருந்தது, கல்யாணச் சேதி சொல்கிற பெண்ணைப்போல.

கேரவன் சங்கத்தில் புதியவர்களுக்கு மூன்று வாரம் வகுப்பு எடுத்தார்கள். லோரிக்குச் சோம்பல். நானும் டெஸ்ஸும் போனோம். கனமான சாமான் எல்லாம் சக்கரத்துக்கு மேலே நடுவில் இருக்க வேண்டும். பின்பக்கம் கனம் கூடினால் இறக்கத்தில் கேரவன் பாம்பாக நெளியும், முன்னால் போகும் காரையும் சேர்த்து இழுத்துக் கவிழ்க்கும். நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். எங்கே நெளியும் என்று ஒருவர் கேட்டார். வடக்கே போகும் பாதையில் குனபராபிரான் ஊருக்கு முன்னால் வருகிற நீண்ட இறக்கத்தைச் சொன்னார்கள். அதையும் எழுதிக்கொண்டேன்.

வண்டியை எடுக்கும் நாளில் என் கட்டிலுக்காகத் தைத்த திரையோடு போயிருந்தேன். டெஸ் கதவைத் திறந்து, “ஏறு மகாராணி” என்றார். முன்பக்கம் பெரிய கட்டில். நடுவில் அடுப்பு, மேசை. என் கட்டில் இருக்கவேண்டிய பின்பக்கத்தில் குளியலறை. அதற்குள் ஒரு துணி துவைக்கும் இயந்திரம்.

“கட்டில் எங்க?” என்றேன்.

“அட, ரெண்டு பேருக்கே மூச்சு முட்டுது நோலா” என்றாள் லோரி. “டெஸ் குறட்டைல நீ தூங்கவா போற? ஒரு வாரம் ப்ளேன்ல வா, பக்கத்துல அறை எடுத்துக்கலாம். அதோட யாராவது வேலைக்குப் போகணும்ல?”

“பின்ன, தவணைய யாரு கட்டுறது, கங்காருவா?” என்றார் டெஸ்.

விற்பனைக்காரரும் சிரித்தார். எனக்கு யார்மேலும் கோபம் வரவில்லை. அவர் நீட்டிய காகிதத்தைப் படித்தேன். கட்டிலை எடுத்துவிட்டு இயந்திரம் வைக்கச் சொல்லி லோரி கையெழுத்திட்ட தேதி மார்ச் பதினொன்று. என் சமையலறையில் ஆட்டுக்கறி சாப்பிடுவதற்கு ஒரு மாதம் முன்பு. திரையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன்.

கிளம்பும் நாள் காலையில் இருவரையும் என் வீட்டுக்கு அழைத்தேன். டெஸ் முந்தின நாளே சாமான் எல்லாம் அடுக்கி, வண்டிகளை நிறுக்கும் எடைமேடைக்குப் போய்க் கனத்தைச் சரிபார்த்துவிட்டார். கேரவனைக் காரோடு கோத்தும் விட்டார். பன்றிக்கறியும் முட்டையும் பொரித்துக் கொடுத்தேன். “நீங்க சாப்பிடுங்க, நான் கேரவன் அலமாரிய ஒழுங்குபண்ணித் தரேன்” என்றேன்.

“பாவம், மனசுல ஒண்ணும் வெச்சுக்கல பாத்தியா” என்று லோரி அவரிடம் சொன்னது படியிறங்கும்போது காதில் விழுந்தது.

நான் ஒரு டப்பாகூட அதிகம் வைக்கவில்லை. இருந்தவற்றை இடம் மாற்றினேன், அவ்வளவுதான். தண்ணீர்க் கேன்கள், கருவிப்பெட்டி, பழ டப்பாக்கள் எல்லாவற்றையும் பின்னால் கொண்டுபோனேன். பீட்ரூட் டப்பாக்களை இயந்திரத்துக்குள் அடுக்கினேன். அது நன்றாக மூடிக்கொண்டது. பிறகு வாசலில் நின்று கையசைத்தேன்.

பயந்து திரும்பி வரட்டும் என்றுதான் நினைத்தேன் என்று சிறிது காலம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது உண்மையில்லை. அவர்கள் குனபராபிரானை எத்தனை மணிக்கு நெருங்குவார்கள் என்று கணக்குப் பார்த்துத் தொலைபேசி அருகே உட்கார்ந்திருந்தேன்.

அந்த இறக்கத்தில் வண்டி கவிழ்ந்து டெஸ் அங்கேயே இறந்துபோனார். லோரிக்கு முதுகுத்தண்டு போயிற்று. டெஸ் சாமான் அடுக்கத் தெரியாதவர் என்று விபத்து அறிக்கையில் எழுதினார்கள். லோரியும் தினமும் அவரைத் திட்டுகிறாள். அதை மட்டும் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அவர் ஒழுங்காகத்தான் அடுக்கியிருந்தார். துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் யார் பீட்ரூட் வைப்பார்கள் என்று விசாரிக்க வந்த நீங்கள் கேட்டபோது, உண்மையில் எனக்கு நிம்மதியாக இருந்தது.

லோரி பதினான்கு மாதமாக என்னோடு இருக்கிறாள். முன்னறையில் வெயில் விழும் இடமாகப் பார்த்து அவள் கட்டிலைப் போட்டேன். இப்போது கடைக்குப் போனாலும், ஆற்றங்கரைக்குப் போனாலும் நான் சக்கர நாற்காலியைத் தள்ளாமல் அவள் எங்கேயும் போவதில்லை. நாங்கள் இவ்வளவு நெருக்கமாக எப்போதும் இருந்ததில்லை. அவளுக்கு எது வேண்டும் என்று அவள் வாய் திறக்குமுன் எனக்குத் தெரிந்துவிடுகிறது. அதனால் அவள் இப்போது அதிகம் பேசுவதும் இல்லை.

செய்தது நான்தான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் என்னை அழைத்துக்கொண்டு போவதற்கு முன் அவளையும் யோசியுங்கள். நான் இல்லாமல் அவளால் இருக்க முடியாது. வேண்டுமானால் அவளிடமே கேட்டுப் பாருங்கள். நான் பக்கத்தில் இருக்கும்போது கேளுங்கள்.