குடுக்காத மிஸ்டு கால்

திருமழிசை பஸ் ஸ்டாப்பில் எனக்கு முன்னால் நின்ற கம்பெனி வாட்ச்மேன், கூட வேலை பார்க்கும் பெண்ணிடம் சொன்னார்:

"எனக்கு டிபி குணமாயிடுச்சாம். மனசே சரியில்ல."

"நல்ல சேதிதானேண்ணா?"

"மாத்திரை போட்டதும் அட்டையில கீற நம்பருக்கு மிஸ்டு கால் குடுக்கணும். குடுக்கலன்னா ஆஸ்பத்திரிலேர்ந்து ஒரு பொண்ணு போன் பண்ணும். 'மாத்திரை போட்டீங்களா, சாப்ட்டீங்களா'ன்னு கேக்கும்."

"நீ மாத்திரைய மறந்துட்டியா?"

"ஆறு மாசத்துல ஒரு நாள்கூட விடல. மிஸ்டு கால்தான் வேணும்னே குடுக்கல. ஊட்ல வேற யாரு கீறா கேக்க?"

அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

"நேத்து அந்தப் பொண்ணு போன் பண்ணிச்சு. இனிமே மாத்திரை வேணாம், போனும் வராதுன்னு சந்தோஷமா சொல்லிச்சு."

பூந்தமல்லி பஸ் வந்தது. ஏறப்போனவள் படியில் நின்று திரும்பினாள்.

"சாப்ட்டியாண்ணா?"