விண்வெளிக் கயிறும் மச்சினன் கையும்

கடலடியில் மூச்சுக்குக் காற்று அனுப்பும் புது மிசின் பொருத்திய வள்ளத்தின் உரிமையாளரும், இப்பெரும் கூட்டத்தின் தலைவருமான நயினார் அண்ணாச்சி அவர்களே! அலையை அளந்த பெரியவர்களே! படம் முடிந்தும் பாய் சுருட்டாத தாய்மார்களே! திரேஸ்புரத்துச் சங்குகுளித் தோழர்களே! தலைதாழ்ந்த வணக்கம்.

பார்த்தோமா இல்லையா? பட்டப்பகலில், சன்னலெல்லாம் பாய்மரத் துணி கட்டி இருட்டாக்கிய இந்தப் பள்ளிக்கூடத்தில், பூமியைவிட்டுப் புறப்பட்ட மனிதரைப் பார்த்தோமா இல்லையா? என்ன கலம்! என்ன கனல்! கால் நீட்ட இடமில்லாக் கூட்டுக்குள் இரண்டு பேர்! பற்பசைபோல் பிதுக்கித் தின்னும் சாப்பாடு! கதவைத் திறந்து ஒருவர் இடுப்பில் கயிற்றோடு வெளியே மிதந்தாரே, காலுக்குக் கீழே கடல்கள் கிடந்தனவே, அப்போது இங்கே மூச்சு விட்டவர் யார்?

ஒரே ஒருவர். குளியாள் ஜேசுபாதத்தின் மனைவி ஹில்டா. எழுந்து நின்று, படம் காட்ட வந்த அதிகாரியைக் கேட்டார்: "ஏ சார்! அந்தாளு கயித்த உள்ள யாரு புடிச்சிருக்கா? அவரு மச்சினனா?"

அதிகாரி சிரித்தார். "யாரும் பிடிக்கலேம்மா. கொக்கியில மாட்டியிருக்கு."

"கொக்கிக்கு ஏது சார் அக்கா தங்கச்சி?"

அதிகாரியின் சிரிப்பு நின்றது. அரசாங்கம் கொடுத்த விளக்கக் கையேட்டை முன்னும் பின்னும் புரட்டினார். பதில் அச்சாகவில்லை. கைதட்ட வேண்டாம், அவர் இங்கேதான் இருக்கிறார்.

வெளியூர்க்காரரான அவருக்காகச் சொல்கிறேன். இந்தக் கரையில் சங்கெடுக்கக் குளியாள் கடலில் இறங்கினால், அவர் இடுப்புக் கயிறு வள்ளத்தில் நிற்கும் அவர் மனைவியின் உடன்பிறந்தான் கையில் இருக்கும். ஏன்? நேரத்துக்கு இழுக்காவிட்டால் தாலி அறுப்பது அவன் தங்கை! இதைவிட நம்பகமான கருவியை எந்தத் தேசம் செய்திருக்கிறது?

திங்கட்கிழமை ஜேசுபாதம் புது மிசினோடு இறங்குகிறார். காற்று குழாயில் வரும். ஆகவே கயிற்றை வள்ளத்து வளையத்தில் கட்டிவிட்டு, ஹில்டாவின் அண்ணன் சுந்தரராஜைக் கரையில் விட்டுப் போகலாம் என்பது நம் தலைவரின் ஏற்பாடு. "மிசின் இருக்கையில மச்சினன் எதுக்குவே?" என்று கேட்டார். விஞ்ஞானக் கேள்வி! நானும் வியந்து நின்றேன், படத்தின் இரண்டாம் சுருள் ஓடும்வரை.

அதில் என்ன கண்டோம்? தரையில் ஒரு கூடம். வரிசை வரிசையாய்த் திரைகள், விளக்குகள், வெள்ளைச் சட்டைக்காரர்கள். ஆனால் மேலே போனவரோடு பேச உட்கார்ந்தவர் ஒருவர்! யார் அவர்? அவரும் விண்ணுக்குப் போகப் பழகியவர் என்று படமே சொன்னதே! அத்தனை பொறி செய்தவர்களே ஆளை விடவில்லை, நாம் விடலாமா? குழாய் காற்றைக் கொடுக்கும், கவலைப்படுமா? வளையம் கயிற்றைத் தாங்கும், கயிறு துடித்தால் பதறுமா? பதறாதது எல்லாம் காவலா?

என்னம்மா ஹில்டா?

"திங்கக்கெழம எங்கண்ணன் வள்ளத்துல ஏறுதானா இல்லியா, அதக் கேளுங்க!"

கேட்டேன் தாயே. தலைவர் என் காதில் சொல்கிறார்: "சரிவே, சுந்தரராஜு ஏறட்டும். பேச்ச முடிச்சிரும்."

"காதுக்குள்ள சொன்னா கடலுக்குள்ள கேக்காது! மைக்குல சொல்லச் சொல்லுங்க!"

தலைவர் எழுந்துவிட்டார்! பெருமக்களே, என் நீண்ட உரையைவிடப் பெரிய உரை இதோ வருகிறது, ஒரே வரிதான். கேட்டிருந்த உங்களுக்கு நன்றி, வணக்கம். வாங்க அண்ணாச்சி, இந்தப் பக்கமாகப் பேசுங்கள்.