சீனப் பிள்ளையோடு ஒரே பந்தி

1932 செப்டம்பர் 5, திங்கள், காலை 7.40, தூறல். துறைமுகம் போகும் டிராமில் எனக்கு முன்னால் ஆபீஸில் கணக்கெழுதும் ஒரு கிராணியும் மூட்டை தூக்கும் ஒரு பெண்ணும். அவள் மகன் உபகாரச் சம்பளத்தில் ஹாங்காங் சர்வகலாசாலைக்கு அன்று கப்பலேறுகிறானாம்.

“விடுதியில சீனன், பர்மாக்காரன் கூடவா தங்கணும், செல்லம்மா? அங்க என் மாமா வீடு இருக்கு. இதோ, கடிதம் எழுதி வச்சிருக்கேன், பையன் பின்கட்டில இருக்கட்டும்.”

“சாப்பாட்டுத் தட்டு?”

“அது... தனியாத்தான்.”

“அப்ப கடிதத்தை நீங்களே வச்சுக்குங்க, ஐயா. விடுதியில எல்லாருக்கும் ஒரே பந்தியாம். நாலு நாட்டுப் பிள்ளைங்க நாலு பாஷை பேசட்டும். ஒருத்தனும் என் மகனை எந்தத் தெருன்னு கேக்க மாட்டான்.”

கிராணி கடிதத்தைச் சட்டைப்பையில் திணித்தார். கேட்டுக்கொண்டே நான் இறங்க வேண்டிய இடத்தை மூன்று நிறுத்தம் தாண்டிவிட்டேன். திரும்பி வர ஆறு காசு.